இரண்டு முறை தோற்றும் கோப்பை: 1955-56 முதல் ஐரோப்பியக் கோப்பை, ஓர் எளிய விளக்கம்

முதல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற ரியல் மாட்ரிட் அந்தத் தொடரில் ஏழு ஆட்டங்கள் ஆடியது. அதில் இரண்டில் தோற்றது. இறுதிப் போட்டியில் அதனிடம் கோப்பையை விட்ட பிரான்சின் ரெய்ம்ஸ் கிளப் அதுவரை ஆடிய ஆறு ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. நாக் அவுட் என்றால் தோற்றவர் வெளியேற வேண்டும். அப்படியிருக்க இரண்டு முறை தோற்ற அணி எப்படிக் கோப்பையைத் தூக்கியது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், இன்று சாம்பியன்ஸ் லீக் என்று நாம் பார்க்கும் போட்டியின் அடித்தளம் பாதி புரிந்த மாதிரி. 1992-93இல் பெயர் மாறும் வரை அது ஐரோப்பியக் கோப்பைதான்.

இரண்டு ஆட்டம் சேர்ந்தால் ஒரு மோதல்

உலகக் கோப்பை நாக் அவுட் சுற்றுகளில் ஓர் ஆட்டம் ஆடி, அன்றைக்கே முடிவு தெரிந்துவிடும். ஐரோப்பியக் கோப்பையில் இறுதிப் போட்டி தவிர மற்ற எல்லாச் சுற்றுகளிலும் இரு அணிகள் இரண்டு முறை மோதின: முதல் ஆட்டம் ஒருவர் ஊரில், அடுத்தது மற்றவர் ஊரில். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ‘லெக்’ என்று பெயர். இரண்டு லெக்கிலும் அடித்த கோல்களைக் கூட்டுவார்கள். அந்தக் கூட்டுத்தொகை, அதாவது ‘அக்ரிகேட்’, யாருக்கு அதிகமோ அவர் அடுத்த சுற்றுக்குப் போவார். எந்த ஆட்டத்தை யார் வென்றார் என்பது கணக்கிலேயே வராது.

அந்தப் பருவத்தின் காலிறுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1955 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். மாட்ரிட்டில் ரியல் 4, யூகோஸ்லாவியாவின் பார்ட்டிசான் 0. அடுத்த லெக் 1956 ஜனவரி 29 அன்று பெல்கிரேடில், பனி மூடிய மைதானத்தில். அங்கே பார்ட்டிசான் 3, ரியல் 0. ஆளுக்கு ஒரு வெற்றி. கூட்டிப் பார்த்தால் ரியல் 4, பார்ட்டிசான் 3. ரியல் அரையிறுதிக்குப் போனது.

புதிதாகப் பார்ப்பவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். கால்பந்து முடிவுகளில் எப்போதும் சொந்த ஊர் அணியின் பெயர்தான் முதலில் வரும். ஆகவே முதல் லெக் ‘4-0’ என்றும் இரண்டாவது லெக் ‘3-0’ என்றும் அச்சாகும். அவசரத்தில் இடப்பக்க எண்களைக் கூட்டி ‘7-0’ என்று படித்துவிடுபவர்கள் உண்டு. முதலில் இரண்டாவது முடிவைத் திருப்பிப் போட்டு, ஒரே அணியை இரண்டிலும் இடப்பக்கம் கொண்டுவர வேண்டும்: 4-0, 0-3. பிறகு கூட்டினால் 4-3. பழைய அட்டவணைகளில் ‘4-0, 0-3, மொத்தம் 4-3’ என்று இருந்தால், யாரோ உங்களுக்காகத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

கணக்கு இப்படி இருப்பதால் ஆட்டத்தின் போக்கே மாறுகிறது. பெல்கிரேடுக்குப் போன ரியல் அங்கே வெல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றாலும் போதும். சரியாக அதைத்தான் செய்தது. பார்ட்டிசான் இன்னும் ஒரு கோல் அடித்திருந்தால் 4-4. அரையிறுதியிலும் இதே கதை: மாட்ரிட்டில் ஏ.சி. மிலானை 4-2 என வென்ற ரியல், மிலானில் 2-1 எனத் தோற்றது. மொத்தம் 5-4. ரியலின் இரண்டு தோல்விகளும் இவைதான். இரண்டு முறையும் ஒரே ஒரு கோல் மிச்சத்தில் கரையேறியது.

ரெய்ம்ஸும் கூட்டல் கணக்கில்தான் பிழைத்தது, ஆனால் வேறு விதமாக. ஹங்கேரியின் வோரோஷ் லோபோகோ அணியைப் பாரிசில் 4-2 என வென்றுவிட்டு, புடாபெஸ்ட்டில் 4-4 என டிரா செய்தது. மொத்தம் 8-6. இரண்டே ஆட்டத்தில் பதினான்கு கோல்! அந்தப் பருவம் முழுக்கவே அப்படித்தான்: 29 ஆட்டங்களில் 127 கோல்கள், ஆட்டத்துக்குச் சராசரி நான்கைத் தாண்டும். தற்காப்பைக் கட்டிக்காத்து 1-0 என்று முடித்துக்கொள்ளும் பழக்கம் இந்தப் போட்டிக்குள் இன்னும் வந்திருக்கவில்லை.

ஏன் இரண்டு லெக்? சொந்த மைதானம் என்பது சின்ன விஷயம் இல்லை. பழகிய புல்தரை, தன் பக்கம் கத்தும் கூட்டம், பயணக் களைப்பு இல்லாத கால்கள். ஒரே ஆட்டம் என்றால் அது யார் ஊரில் நடக்கிறது என்பதே பாதி முடிவாகிவிடும். மாற்றி மாற்றி ஆடினால் அந்தச் சலுகை இருவருக்கும் கிடைக்கும். டிக்கெட் பணமும் ஒரு காரணம். எந்தக் கிளப்பும் தன் ஊரில் ஓர் ஆட்டமாவது நடத்தாமல் வெளியேறாது.

‘இரண்டாவது லெக் சொந்த ஊரில் இருப்பதுதான் நல்லது’ என்று இன்றும் சொல்வார்கள். தேவையானது எத்தனை கோல் என்று தெரிந்துகொண்டே தன் கூட்டத்தின் முன் ஆடலாமே என்பது வாதம். முதல் பருவத்தில் இரண்டு லெக்காக நடந்த மோதல்கள் 14. எண்ணிப் பார்த்தால், முதல் லெக்கைச் சொந்த ஆட்டமாக ஆடியவர்கள் 8 முறை முன்னேறினார்கள். இரண்டாவது லெக்கைச் சொந்த ஆட்டமாக வைத்திருந்தவர்கள் 6 முறை. இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாதுதான். ஆனாலும் அந்த நம்பிக்கைக்கு முதல் பருவம் சாட்சி சொல்லவில்லை.

இது எங்கிருந்து வந்தது

1954 டிசம்பர் 13 இரவு, இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டன் வாண்டரர்ஸ் கிளப் (சுருக்கமாக வுல்வ்ஸ்) தன் மோலினியூ மைதானத்தில் ஃப்ளட்லைட் வெளிச்சத்தில் ஹங்கேரியின் ஹோன்வேட் கிளப்புடன் ஒரு நட்பு ஆட்டம் ஆடியது. ஹோன்வேடில் ஹங்கேரி தேசிய அணியின் நட்சத்திரங்கள் புஷ்காஷ், கோச்சிஷ், போஜிக் எல்லோரும் இருந்தார்கள். ஓராண்டுக்கு முன்புதான் அந்தத் தேசிய அணி லண்டனில் இங்கிலாந்தை 6-3 என்று நொறுக்கியிருந்தது. அன்றும் இடைவேளையில் ஹோன்வேட் 2-0 என முன்னிலை. பிறகு சேறான தரையில் வுல்வ்ஸ் மூன்று கோல் அடித்து 3-2 என வென்றது. மறுநாள் ஆங்கிலப் பத்திரிகைகள் வுல்வ்ஸை உலக சாம்பியன் என்று கொண்டாடின.

பாரிசில் லெக்கீப் என்ற விளையாட்டு நாளிதழின் ஆசிரியர் கேப்ரியல் ஆனோ, தானே பிரான்ஸ் தேசிய அணிக்கு ஆடியவர், இதை ஏற்கவில்லை. வுல்வ்ஸ் மாஸ்கோவுக்கும் புடாபெஸ்ட்டுக்கும் போய் ஆடிக் காட்டட்டும், பிறகு பார்ப்போம் என்ற பொருளில் எழுதினார். மிலானும் ரியல் மாட்ரிட்டும் இருக்கின்றனவே என்பதும் அவர் வாதம். இரண்டு லெக் முறையின் விதை அந்த வாதத்திலேயே இருக்கிறது: உன் ஊரில் வென்றது போதாது, என் ஊருக்கும் வா.

கிளப்புகளுக்கான பன்னாட்டுப் போட்டி அதற்கு முன் இல்லாமல் இல்லை. மத்திய ஐரோப்பாவில் மிட்ரோப்பா கோப்பை 1927 முதல் நடந்துவந்தது. 1948இல் சிலியின் சாண்டியாகோவில் தென் அமெரிக்காவின் ஏழு கிளப்புகள் ஆடி, பிரேசிலின் வாஸ்கோ ட காமா வென்றது. ஆனோவின் சகா ஜாக் ஃபெரான் அந்தப் போட்டியை அறிந்தவர். ஐரோப்பாவில் ஏன் முடியாது என்ற எண்ணத்துக்கு அதுவும் ஒரு தூண்டுதல். ஆனால் கண்டம் முழுவதையும் தழுவி, பருவம் முழுக்க வாரநாட்களில் ஆடும் போட்டி என்பது புதிது.

லீக் முறை ஏன் வேலைக்கு ஆகாது என்பதை எளிய கணக்கில் பார்க்கலாம். 16 கிளப்புகள் ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் இரண்டு முறை மோதினால் 240 ஆட்டங்கள், கிளப்புக்கு 30. ஏற்கெனவே உள்நாட்டு லீக்கில் அதே அளவு ஆடும் அணிக்கு இது நடக்காத காரியம். நாக் அவுட்டில் ஒவ்வொரு மோதலும் ஓர் அணியை வெளியேற்றும். 16 பேரில் ஒருவர் மிஞ்ச 15 பேர் வெளியேற வேண்டும், ஆக 15 மோதல்கள். அதில் 14 இரண்டு லெக், இறுதி மட்டும் ஒன்று: 29 ஆட்டங்கள். கடைசி வரை போகும் அணிக்கே ஏழுதான்.

1955 ஏப்ரல் தொடக்கத்தில் லெக்கீப் அழைப்பில் கிளப் பிரதிநிதிகள் பாரிசில் கூடினார்கள். மே மாதம் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா பச்சைக்கொடி காட்டியது, ஆனால் போட்டியை ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா ஏற்று நடத்த வேண்டும் என்றது. 1954இல்தான் பிறந்திருந்த யூஃபா ஜூன் மாதம் பொறுப்பேற்றது. முதல் ஆட்டம் செப்டம்பர் 4 அன்று. மூன்று மாதம்கூட இல்லை. அந்த அவசரம் முதல் பருவம் முழுக்கத் தெரியும்.

சாம்பியன்கள் கோப்பையா?

பெயரளவில்தான். முதல் பருவத்தில் ஆடிய 16 கிளப்புகளில் அப்போது தங்கள் நாட்டு சாம்பியனாக இருந்தவை ஏழு: ரியல் மாட்ரிட், ரெய்ம்ஸ், மிலான், பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட், மேற்கு ஜெர்மனியின் ரோட்-வைஸ் எசன், ஸ்வீடனின் யூர்கோர்டன், டென்மார்க்கின் ஆர்ஹூஸ். மற்றவர்களை லெக்கீப் தேர்ந்தெடுத்து அழைத்திருந்தது. ரசிகர் கூட்டம் வருமா, பெயருக்கு மதிப்பு உண்டா என்பதே அளவுகோல். போர்ச்சுகலிலிருந்து வந்தது சாம்பியன் பென்ஃபிக்கா இல்லை, ஸ்போர்ட்டிங். ஸ்காட்லாந்திலிருந்து சாம்பியன் அபர்டீன் இல்லை, ஐந்தாம் இடம் பிடித்த ஹைபர்னியன்.

ஹைபர்னியன் தேர்வானதை வெறும் சலுகை என்று தள்ளிவிடக் கூடாது. எடின்பரோவில் அவர்களிடம் ஃப்ளட்லைட் இருந்தது. ஐரோப்பிய ஆட்டங்களை வாரநாளில் நடத்த வேண்டும். சனி, ஞாயிறு உள்நாட்டு லீக்குக்குப் போய்விடும். வாரநாளில் வேலைக்குப் போகிறவர்கள் மைதானத்துக்கு வர வேண்டுமானால் மாலைக்கு மேல்தான் ஆட வேண்டும். வடக்கு ஐரோப்பாவின் குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். விளக்கு இல்லாத மைதானம் இந்தப் போட்டியில் பாதி ஊனம். எசன் நகரில் 4-0 என வென்று தொடங்கிய ஹைபர்னியன் அரையிறுதி வரை போய், ரெய்ம்ஸிடம் 3-0 என்ற மொத்தக் கணக்கில் வெளியேறியது.

இங்கிலாந்து கதைதான் வேடிக்கை. வுல்வ்ஸ் பெருமையடித்ததால் பிறந்த போட்டியில் வுல்வ்ஸ் இல்லை; 1954-55இல் அவர்கள் இரண்டாம் இடம். சாம்பியன் செல்சிக்கு அழைப்பு வந்தது, முதல் சுற்றில் யூர்கோர்டனுடன் மோதல் என்றும் முடிவாகியிருந்தது. இங்கிலீஷ் கால்பந்து லீக் நிர்வாகம் தன் அட்டவணை கெடும் என்று அழுத்தம் கொடுக்க, செல்சி விலகியது. அந்த இடத்துக்குப் போலந்தின் க்வார்டியா வார்சா வந்து யூர்கோர்டனிடம் தோற்றது. இப்படிக் கடைசி நேரத்தில் ஆள் மாறியது இங்கிலாந்து மட்டும் இல்லை: ஹோன்வேடுக்குப் பதில் வோரோஷ் லோபோகோ, ஹாலந்து ஸ்போர்ட்டுக்குப் பதில் பி.எஸ்.வி.

இன்னொரு விசித்திர அணி சார்புரூக்கன். இன்று அது ஜெர்மன் நகரம். அப்போது சார் பகுதி பிரான்சின் பாதுகாப்பில் தனி ஆட்சிப் பகுதியாக இருந்தது, ஃபிஃபாவில் தனி உறுப்பினராகவும் இருந்தது. 1957இல்தான் மேற்கு ஜெர்மனியுடன் இணைந்தது. அதனால் எசன் ஒரு பக்கம், சார்புரூக்கன் இன்னொரு பக்கம். மிலானின் சொந்த மைதானமான சான் சிரோவில் மிலானை 4-3 என வென்று எல்லோரையும் அசத்தியது இந்த அணி. ஆனால் திரும்பித் தன் ஊரில் 4-1 எனத் தோற்றது. மொத்தம் மிலானுக்கு 7-5. ஒரே லெக் என்று வைத்திருந்தால் மிலான் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டியிருக்கும்.

சுற்றுகளும் தேதிகளும்

இன்று சாம்பியன்ஸ் லீக் குலுக்கலை நேரலையில் பார்க்கிறோம். முதல் பருவத்தின் முதல் சுற்றுக்குக் குலுக்கல் கிடையாது. யார் யாருடன் என்பதை அமைப்பாளர்களே முடிவு செய்தார்கள். எல்லோரும் ஒரே வாரத்தில் ஆடும் ஒழுங்கும் இல்லை. ஒரு சுற்றின் ஆட்டங்கள் மாதக்கணக்கில் சிதறிக் கிடக்கும். யூர்கோர்டன் - ஹைபர்னியன் காலிறுதி நவம்பர் இறுதியில் முடிந்துவிட்டது. ஆஸ்திரியாவின் ராபிட் வியன்னா - மிலான் காலிறுதியோ பிப்ரவரியில்தான் முடிந்தது. ஆகவே பழைய பதிவுகளில் தேதி வரிசையை மட்டும் பார்த்துச் சுற்றை ஊகிக்காதீர்கள், குழம்பிப்போவீர்கள்.

யூர்கோர்டன் மோதலில் இன்னொரு குழப்பமும் உண்டு. ‘யூர்கோர்டன் 1, ஹைபர்னியன் 3’ என்று பதிவில் இருக்கும். ஸ்டாக்ஹோமில் நடந்தது என்று நினைப்போம். நடந்தது கிளாஸ்கோவில், பார்ட்டிக் திஸில் கிளப்பின் ஃபிர்ஹில் மைதானத்தில். ஸ்வீடன் குளிர்காலத்தில் அங்கே ஆட முடியாது என்பதால் ‘சொந்த’ ஆட்டத்தையும் ஸ்காட்லாந்தில் வைத்துக்கொண்டார்கள். சொந்த அணி என்பது அட்டவணையில் உள்ள பட்டம் மட்டுமே, மைதானம் எங்கே என்பது தனி விஷயம்.

முதல் ஆட்டம் 1955 செப்டம்பர் 4, லிஸ்பனில்: ஸ்போர்ட்டிங் 3, பார்ட்டிசான் 3. போட்டியின் முதல் கோலை 14ஆம் நிமிடத்தில் ஸ்போர்ட்டிங்கின் ஜுவாவ் மார்ட்டின்ஸ் அடித்தார். அதே ஆட்டத்தில் இரண்டு அடித்த பார்ட்டிசானின் மிலோஷ் மிலுட்டினோவிச், பெல்கிரேடில் நடந்த அடுத்த லெக்கில் நான்கு அடித்தார். பருவத்தின் அதிகபட்சமான 8 கோல் அவருடையது. காலிறுதியோடு வெளியேறிய அணியின் வீரர் கோல் பட்டியலில் முதலிடம் பிடிப்பது நாக் அவுட்டில் அடிக்கடி நடப்பதில்லை.

இறுதிப் போட்டி

இங்கே மட்டும் விதி மாறும். இரண்டு லெக் இல்லை, முன்பே முடிவான ஒரு மைதானத்தில் ஒரே ஆட்டம். இரு அணிக்கும் பொதுவான இடமாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். முதல் இறுதிப் போட்டி 1956 ஜூன் 13 அன்று பாரிசின் பார்க் தே பிரின்ஸ் மைதானத்தில் நடந்தது. பொதுவான இடம் என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம். ரெய்ம்ஸ் பிரெஞ்சு அணி. காலிறுதி, அரையிறுதி இரண்டின் ‘சொந்த’ ஆட்டங்களையும் இதே மைதானத்தில்தான் ஆடியிருந்தது.

6ஆம் நிமிடத்தில் லெப்லோன், 10ஆம் நிமிடத்தில் டெம்ப்ளின். ரெய்ம்ஸ் 2-0. 14இல் ஆல்ஃபிரெடோ டி ஸ்டெஃபானோ ஒன்றைத் திருப்பினார். 30இல் எக்டர் ரியால் சமன் செய்தார். (ரியால் என்பது ஆளின் பெயர், ரியல் என்பது கிளப், அந்த நாள் செய்திகளைப் படிக்கையில் கவனம்.) 62இல் மிஷேல் இடால்கோ தலையால் முட்டி 3-2. பிற்காலத்தில் 1984 யூரோ கோப்பையை வென்ற பிரான்ஸ் அணியின் பயிற்சியாளர் இவர்தான். ஐந்தே நிமிடத்தில் 3-3. அடித்தவர் மார்கிட்டோஸ், ஒரு தற்காப்பு ஆட்டக்காரர். 79இல் மறுபடி ரியால். 4-3.

இரண்டாவது லெக் இல்லாததால் ரெய்ம்ஸுக்குத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. ஆறு ஆட்டங்களில் தோற்காத அணி, கூட்டல் கணக்கு செல்லாத ஒரே ஆட்டத்தில் ஒரே ஒரு கோலில் போனது. ரெய்ம்ஸின் நட்சத்திரம் ரேமோன் கோபா அன்று ஆடும்போதே அடுத்த பருவத்துக்கு ரியல் மாட்ரிட்டில் சேர ஒப்புக்கொண்டிருந்தார்.

சமனாகிவிட்டால்?

இதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தோம், ஏனென்றால் முதல் பருவத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. 14 மோதல்களும் கூட்டலிலேயே தீர்ந்தன. விதி என்னவோ இருந்தது: மொத்தம் சமனானால் மூன்றாவது ஆட்டம். பெனால்ட்டி ஷூட் அவுட்டெல்லாம் 1970க்குப் பிந்தைய சமாச்சாரம். வெளியூரில் அடித்த கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற ‘அவே கோல்’ விதி ஐரோப்பியக் கோப்பைக்கு வந்தது 1967-68இல். 2021இல் அதை எடுத்தும்விட்டார்கள். இந்த விதிகள் வருவதற்கு முன், மூன்றாவது ஆட்டமும் டிரா ஆனால் பூவா தலையா சுண்டிப் பார்ப்பார்கள். 1965இல் லிவர்பூலும் கொலோனும் ரோட்டர்டாமில் 2-2 என முடிக்க, சுண்டிய வட்டு முதல் முறை சேற்றில் செங்குத்தாக நின்றது. இரண்டாம் முறை லிவர்பூலுக்கு விழுந்தது.

1956-57இல் கோப்பையை வைத்திருந்த ரியலுக்கு நேரடி இடம் கிடைத்தது, ஸ்பெயின் சாம்பியன் அத்லெட்டிக் பில்பாவ் தனியாக வந்தது. இப்போது 22 அணிகள். 16 ஆக்க ஆறு பேரைக் கழிக்க வேண்டும். ஆகவே 12 அணிகள் ஆறு முன்சுற்று மோதல்களில் ஆட, மீதி பத்து நேராக அடுத்த சுற்றில். பழைய கணக்கு இங்கும் பொருந்தும்: 21 பேர் வெளியேற 21 மோதல், 20 இரண்டு லெக், ஒரு இறுதி, மொத்தம் 41 ஆட்டம். ஆனால் பதிவேட்டில் 44 இருக்கும். அந்தக் கூடுதல் மூன்றும் சமனான மோதல்களின் மூன்றாவது ஆட்டங்கள்.

அதில் ஒன்று ரியலுடையது. மாட்ரிட்டில் ராபிட் வியன்னாவை 4-2 என வென்று, வியன்னாவில் எர்ன்ஸ்ட் ஹாப்பலின் மூன்று கோலால் 3-1 எனத் தோற்றது. மொத்தம் 5-5. ராபிட் வெளியூரில் அடித்தது 2, ரியல் அடித்தது 1. பதினோரு வருடம் கழித்து வந்த விதி அப்போதே இருந்திருந்தால் சாம்பியன் அங்கேயே வெளியேறியிருக்கும். மூன்றாவது ஆட்டம் மாட்ரிட்டில் நடந்தது. ரியல் 2, ராபிட் 0. அந்தக் கோப்பையையும் சேர்த்துத் தொடர்ந்து ஐந்து கோப்பைகள் ரியலுக்கே போயின.